ஹட்சன் கரையில் ஓர் இலையுதிர்கால நாள்: கோல்ட் ஸ்பிரிங் கிராமத்துக்குக் குடும்பத்துடன் சென்றுவர முழுமையான வழிகாட்டி

அக்டோபர் பிறந்ததும் நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் இலை பார்க்க எங்கே போகலாம் என்ற பேச்சு எழுந்துவிடும். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கியிருக்கும் ஆண்டென்றால் அந்தப் பேச்சு ஒரு பயணத்தில் முடிந்தே தீரும். ஹட்சன் ஆற்றின் கிழக்குக் கரையில், சுமார் 2,000 பேர் வாழும் கோல்ட் ஸ்பிரிங் என்ற சிறு கிராமத்துக்குத் தாத்தா, பாட்டி, குழந்தைகள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு ஒரே நாளில் போய்வர விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதன்முறை செல்வோர் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் திட்டமிடும் வரிசையே காரணமாக இருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்களை முதலில் பட்டியலிட்டு, அதற்கேற்ப வண்டியை ஏற்பாடு செய்து, திரும்பும் நேரத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இலையுதிர்காலத்தில் பகல் குறுகியது. குடும்பத்தில் யார் மிக மெதுவாக நடக்கிறாரோ அவருடைய நடைதான் எல்லோருக்குமான வேகம். எனவே திரும்பும் நேரத்தையும் அவருடைய நடையையும் முதலில் உறுதிசெய்துகொண்டு, மற்ற அனைத்தையும் அவற்றுக்குள் அடக்க வேண்டும். கீழேயுள்ள படிகளை அந்த வரிசையிலேயே கொடுத்திருக்கிறேன்.

1. வாரத்தை முடிவு செய்தல்

நியூயார்க் மாநிலத்தில் நிறமாற்றம் வடக்கிலிருந்து தெற்காகவும் உயரமான இடங்களிலிருந்து தாழ்வான இடங்களை நோக்கியும் நகர்கிறது. அடிரோண்டாக் மலைகளில் செப்டம்பர் இறுதியிலேயே உச்சத்தைத் தொடும் நிறம், கேட்ஸ்கில் மலைகளைக் கடந்து, கோல்ட் ஸ்பிரிங் இருக்கும் ஹட்சன் ஹைலேண்ட்ஸ் பகுதிக்கு வந்துசேர அக்டோபரின் பின்பாதி ஆகிவிடும். சில ஆண்டுகளில் நவம்பர் முதல் வாரம் வரையிலும் அது நீடிக்கும். வேறோர் ஊரின் படத்தைப் பார்த்துவிட்டு அக்டோபர் முதல் வாரத்திலேயே இங்கு வருவோர் பச்சை மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

மாநிலச் சுற்றுலாத் துறை இலையுதிர்காலம் முழுவதும் புதன்கிழமைதோறும் நிறமாற்ற அறிக்கை வெளியிடுகிறது. இரண்டு வார இறுதிகளைத் தயாராக ஒதுக்கி வைத்துக்கொண்டு, அந்த அறிக்கையைப் பார்த்து ஒன்றை உறுதிசெய்யுங்கள். ஒரே நாளை நம்பியிருந்தால், அதற்கு முந்தைய நாள் அடிக்கும் காற்றும் மழையும் மேப்பிள் இலைகளையெல்லாம் தரையில் கொட்டிவிடக்கூடும். ஓக் மரங்கள் இலையை எளிதில் விடுவதில்லை என்பதால் பருவத்தின் கடைசியிலும் மலை முற்றிலும் வெறுமையாகிவிடாது. ஆனால் அப்போது சிவப்பைவிடச் செம்பழுப்பே மிகுந்திருக்கும்.

நாள்காட்டியில் மேலும் மூன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, நவராத்திரியும் தீபாவளியும். கொலு அழைப்புகளும் சங்க விழாக்களும் இதே வாரங்களில்தான் வரும். அவற்றைக் கழித்தபின் எஞ்சும் வார இறுதிகள் மிகச் சில. இரண்டாவது, அக்டோபர் இரண்டாம் திங்கள்கிழமையை ஒட்டிய நீண்ட விடுமுறை. நகரமே வடக்கு நோக்கிக் கிளம்பும் அந்த வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். இப்பகுதியில் நிறமும் அப்போது முழுமையாக வந்திருக்காது. மூன்றாவது, நவம்பர் தொடக்கத்தில் ஆசிரியர் மாநாட்டுக்காக நியூ ஜெர்சிப் பள்ளிகளுக்குக் கிடைக்கும் வியாழன், வெள்ளி விடுமுறை. அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு எடுக்க முடியுமானால் எனக்கு மிகவும் பிடித்த நாள் அந்த வியாழன்தான். வார நாளில் சில கடைகள் திறக்காமல் இருக்கலாம். அதற்கு ஈடாக ஆற்றங்கரை ஏறக்குறைய உங்களுடையதாகவே இருக்கும்.

2. வருகிறவர்களைக் கணக்கில் எடுத்தல்

இடங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். மூத்தவர்கள் உட்காராமல் எவ்வளவு நேரம் நடப்பார்கள்? எத்தனை படிகளை ஏறி இறங்குவார்கள்? சிறு குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும்? வீட்டைச் சுற்றி மாலை நடை போகும் பாட்டியால் மலையடிவாரத்திலும் நடக்க முடியும் என்று நாமாகவே முடிவுசெய்வது தவறு. சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பவருக்கு ஏற்ற இறக்கமுள்ள தெருவில் கால் மணி நேரமே போதுமென்று ஆகிவிடும். குளிரில் மூட்டுவலியும் சேர்ந்துகொள்ளும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் தங்கள் களைப்பைச் சொல்வதில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்" என்று பாட்டி சொல்கிறார் என்றால், அவர் களைத்துப்போய் வெகு நேரம் ஆகிவிட்டது என்று பொருள். அந்த வாக்கியம் வருவதற்கு முன்பே அவருக்கு ஓர் இருக்கை கிடைக்கும்படி நாளை அமைப்பதே இந்தத் திட்டத்தின் பெரும்பகுதி வேலை.

குழந்தைக்குத் தள்ளுவண்டி வேண்டுமென்றால், எளிதில் மடக்கக்கூடிய சிறியதையே எடுத்துச் செல்லுங்கள். ரயிலிலும் கிராமத்தின் சுரங்கப்பாதைப் படிகளிலும் பெரிய வண்டி சுமையாகிவிடும்.

3. போகும் வழியைத் தேர்ந்தெடுத்தல்

வழிகள் மூன்று. முழுவதும் காரில் போகலாம். நகரிலிருந்து ரயிலில் போகலாம். பாதி தூரம் காரிலும் மீதி ரயிலிலும் போகலாம். நியூ ஜெர்சிக் குடும்பங்களுக்கு, அதிலும் பெரியவர்கள் உடன் வரும்போது, மூன்றாவது வழியையே நான் பரிந்துரைக்கிறேன்.

முழுவதும் காரில் போனால், பாலிசேட்ஸ் பார்க்வே வழியே வடக்கே சென்று, பேர் மவுண்டன் பாலத்தில் ஆற்றைக் கடந்து, 9டி சாலையில் கேரிசன் வழியாகக் கிராமத்தை அடைய வேண்டும். எடிசன் பகுதியிலிருந்து சுமார் 2 மணி நேரம் ஆகும். அழகான சாலைதான், ஆனால் அக்டோபர் வார இறுதியில் பேர் மவுண்டன் பூங்காவுக்குச் செல்லும் கூட்டமெல்லாம் பாலத்துக்கு முன்னுள்ள வட்டச் சந்திப்பில் குவிந்துவிடும். அதைக் கடந்தபின் கிராமத்தில் கார் நிறுத்த இடம் தேட வேண்டும். மெயின் தெருவில் இடம் குறைவு. குடியிருப்போருக்கென ஒதுக்கிய தெருக்களும் உண்டு என்பதால் பலகையைப் படிக்காமல் நிறுத்தினால் அபராதச் சீட்டு வரும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து சிறிய பேருந்தை வாடகைக்கு எடுக்க நினைத்தால், பாலிசேட்ஸ் பார்க்வேயில் பேருந்துகளுக்கும் வணிக வாகனங்களுக்கும் அனுமதியில்லை என்பதை முன்பே ஓட்டுநரிடம் சொல்லி வேறு வழியைப் பார்க்க வேண்டும்.

முழுவதும் ரயிலில் போவது நகரவாசிகளுக்கு மிகவும் வசதியானது. கிராண்ட் சென்ட்ரலிலிருந்து மெட்ரோ நார்த் ஹட்சன் தடத்தில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் கோல்ட் ஸ்பிரிங். நிலையத்தில் இறங்கினால் கிராமத்திலேயே இறங்கிய மாதிரி. நியூ ஜெர்சியிலிருந்து வருவோருக்குத்தான் இதில் சிக்கல். பென் ஸ்டேஷன் வரை ஒரு ரயில், அங்கிருந்து சுரங்க ரயிலில் மாறி மாறிக் கிராண்ட் சென்ட்ரல், பிறகு மீண்டும் ஒரு ரயில் என்று போவதற்குள் தாத்தா அன்றைய நடையில் பாதியைப் படிக்கட்டுகளிலேயே நடந்து முடித்திருப்பார்.

மூன்றாவது வழியில், காரில் மரியோ கியூமோ பாலத்தை (பழைய பெயர் டாப்பன் ஸீ) கடந்து குரோட்டன் ஹார்மன் அல்லது பீக்ஸ்கில் நிலையம் வரை சென்று, அங்கே காரை நிறுத்திவிட்டு, அதே ஹட்சன் தடத்து ரயிலில் ஏறுகிறோம். குரோட்டன் ஹார்மனில் கார் நிறுத்துமிடம் மிகப் பெரியது. அங்கிருந்து ரயில் பயணம் ஏறத்தாழ அரை மணி நேரம்தான். தடம் முழுவதிலும் மிக அழகான பகுதியும் பீக்ஸ்கில்லுக்கு வடக்கேதான் தொடங்குகிறது. மலைகள் இருபுறமும் நெருங்கி ஆறு குறுகிவிட, தண்டவாளம் நீரை ஒட்டியே ஓடுகிறது. ஆகவே காட்சியில் எதையும் இழக்காமல், வண்டி நிறுத்தும் தொல்லையிலிருந்தும் பாலத்து நெரிசலிலிருந்தும் தப்பிவிடலாம்.

எந்த நிலையத்தில் ஏறினாலும், வடக்கே போகும்போது ரயில் செல்லும் திசையில் இடப்பக்க இருக்கைகளைப் பிடியுங்கள். ஆறு முழுவதும் அந்தப் பக்கம்தான். திரும்பும்போது வலப்பக்கம். பயணச்சீட்டை ஏறுவதற்கு முன் செயலியிலோ இயந்திரத்திலோ வாங்கிவிடுங்கள். ரயிலுக்குள் நடத்துநரிடம் வாங்கினால் கட்டணம் அதிகம். சில நிலையங்களில் எல்லாப் பெட்டிகளின் கதவுகளும் திறப்பதில்லை. இறங்க வேண்டிய பெட்டிகளைப் பற்றிய அறிவிப்பைக் கேட்டு முன்கூட்டியே நகர்ந்து நில்லுங்கள். பெரியவரோடும் தள்ளுவண்டியோடும் கடைசி நொடியில் பெட்டி மாறுவது ஆபத்தானது.

4. திரும்பும் ரயிலை முதலில் குறித்தல்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள். அக்டோபர் இறுதியில் இங்கே மாலை 6 மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் அது 5 மணிக்கு முன்பாகவே நிகழும். கோல்ட் ஸ்பிரிங்கில் அதற்கும் முன்பே வெயில் போய்விடுகிறது. எதிர்க்கரையில் 1,300 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் ஸ்டார்ம் கிங் மலையும் அதன் தெற்கேயுள்ள மலைகளும் மாலைச் சூரியனை மறைத்துக்கொள்ள, நிழல் ஆற்றைக் கடந்து கரையேறுகிறது. நிழல் விழுந்த சில நிமிடங்களிலேயே காற்றின் குளிர் மாறிவிடும். பெரியவர்களுக்கு அதுதான் முதலில் தெரியும்.

எனவே அக்டோபர் பயணத்துக்கு மாலை 4 மணியை ஒட்டிய ரயிலையும், கடிகாரம் மாறியபின் செல்லும் பயணத்துக்கு 3 மணியை ஒட்டிய ரயிலையும் குறித்துக்கொள்ளுங்கள். அதை விட்டால் அடுத்தது எது என்பதையும் எழுதி வையுங்கள். வார இறுதியில் ரயில்கள் ஏறத்தாழ மணிக்கு ஒன்று என்பதால், இரண்டு நிமிடத் தாமதம்கூட நடைமேடையில் குளிரில் ஒரு மணி நேரக் காத்திருப்பாகிவிடலாம். மேலும், மலையேறித் திரும்பும் இளைஞர் கூட்டம் முழுவதும் சூரியன் மறைந்ததும் நிலையத்துக்கு வந்துசேரும்; அந்த ரயில்களில் இருக்கை கிடைப்பது அரிது.

திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், காலை 10 அல்லது 10.30 மணிக்குக் கிராமத்தில் இருக்க வேண்டும் என்று தானாகவே விடை வரும். அதற்கு எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டுமோ, அதிலிருந்து இன்னும் அரை மணி நேரத்தைக் கழித்துவிட்டு வீட்டாரிடம் சொல்லுங்கள்.

5. கிராமத்துக்குள் நாளை வரிசைப்படுத்துதல்

இரண்டு விதிகள் போதும். தொலைவில் இருப்பதைக் கால் களைக்கும் முன் பார்க்க வேண்டும். நிலையத்துக்கு அருகில் இருப்பதைக் கடைசிக்கு வைக்க வேண்டும். கடைசி இடம் நிலையத்தை ஒட்டி இருந்தால், குழந்தை அழுதாலும் மழை தொடங்கினாலும் பாதியில் நிறுத்திவிட்டு ரயிலுக்குப் போய்விடலாம்.

முதலில் ஆற்றங்கரை. மெயின் தெருவைத் தண்டவாளம் இரண்டாகப் பிரிக்கிறது. நடந்து செல்வோர் அடியிலுள்ள சிறிய சுரங்கப்பாதை வழியே ஆற்றுப் பக்கம் போகலாம். அங்கே படிகள் இருப்பதால், தள்ளுவண்டியோடு வருவோரும் முழங்கால் வலியுள்ளவர்களும் லன் டெரஸ் சாலையில் தண்டவாளத்தின் மேலுள்ள பாலத்தைப் பயன்படுத்துவது நல்லது. பலத்த மழைக்குப் பின் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்குவதும் உண்டு. பொதுக் கழிப்பறை மெயின் தெருவின் கீழ்முனையில், இந்தச் சுரங்கப்பாதையின் அருகிலேயே இருக்கிறது. ஆற்றங்கரைக்குப் போகும் முன் எல்லோரும் அங்கே போய்வந்துவிடுங்கள். பிறகு கூட்டம் சேர்ந்துவிடும்.

ஆற்றங்கரையைக் காலையிலேயே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் வெளிச்சம். காலைச் சூரியன் நமக்குப் பின்னாலிருந்து, கிழக்கிலிருந்து வருவதால் எதிரேயுள்ள ஸ்டார்ம் கிங் மலையின் ஒவ்வொரு மரமும் நிறத்தோடு துலங்கும். பிற்பகலில் சூரியன் மலையின் பக்கம் போய்விட, அதே சரிவு கருத்த நிழலாகத் தெரியும். படம் எடுத்தால் முகங்களும் இருண்டுவிடும். குடும்பப் படத்தை இந்த நேரத்திலேயே எடுத்துவிடுங்கள். எல்லோரும் சேர்ந்து, தலைமுடி கலையாமல், சண்டையில்லாமல் நிற்கும் நேரமும் அதுதான்.

அடுத்து, நடக்கக்கூடியவர்கள் மட்டும் லிட்டில் ஸ்டோனி பாயிண்டுக்குப் போகலாம். நிலையத்திலிருந்து வடக்கே ஃபேர் தெரு வழியாக ஏறத்தாழ ஒரு மைல். குழந்தைகளோடு அரை மணி நேரம் என்று கொள்ளுங்கள். கடைசிப் பகுதி 9டி சாலையை ஒட்டிச் செல்கிறது. கார்கள் வேகமாக வருவதால் குழந்தைகளின் கையை விடாதீர்கள். அங்கே தண்டவாளத்தின் மேலே ஒரு நடைப்பாலத்தைக் கடந்ததும், பெரும்பாலும் சமமான குறுகிய சுற்றுப்பாதையும் சிறிய மணற்கரையும் இருக்கின்றன. ஹட்சன் இந்தப் பகுதியிலும் கடலின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்ட ஆறு; ஏற்ற நேரத்தில் மணற்கரை மிகவும் சுருங்கிவிடும். மணலில் விளையாடத்தான் குழந்தைகள் வருகிறார்கள் என்றால், முந்தைய நாளே ஏற்றவற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் இந்த நடையைத் தவிர்த்து, ஒருவர் துணையோடு ஆற்றங்கரை இருக்கைகளிலேயே இருக்கலாம். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். கைப்பேசித் தொடர்பு இந்த மலைப்பகுதியில் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால், "கூப்பிட்டால் வந்துவிடுவோம்" என்ற ஏற்பாடு இங்கே செல்லாது. "12 மணிக்கு இந்த மண்டபத்தின் முன்னால்" என்று நேரத்தையும் இடத்தையும் சொல்லிவிட்டுப் பிரிந்து செல்லுங்கள். ஆற்றங்கரையில் உள்ள சிறிய இசை மண்டபம் எல்லோருக்கும் எளிதில் அடையாளம் தெரியும்.

நடுப்பகலில் சாப்பாடு; அப்போதுதான் கரையில் வெயில் நன்றாக இருக்கும். சாப்பிட்டபின் மெயின் தெரு. நிலையம் தெருவின் கீழ்முனையில் இருப்பதால் கடைகளைப் பார்ப்பதென்றால் மேடேற வேண்டும். பெரியவர்களைத் தெருவின் மேல்முனை வரை அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. பழைய பொருள்கள், புத்தகங்கள், ஐஸ்கிரீம் விற்கும் கடைகள் கீழ்ப்பகுதியிலிருந்தே தொடங்கிவிடும். நடைபாதை சில இடங்களில் மேடுபள்ளமாக இருக்கும்; உதிர்ந்த இலை ஈரமாகிவிட்டால் அதன்மேல் கால் வைப்பது பாசி படிந்த குளத்துப் படியில் வைப்பது போன்றது. பெரியவர்களுக்குக் கைகொடுத்தே அழைத்துச் செல்லுங்கள்.

கடைசியாக வெஸ்ட் பாயிண்ட் ஃபவுண்ட்ரி பாதுகாப்பிடம். 1818 முதல் 1911 வரை இயங்கிய இரும்பு வார்ப்பாலையின் இடிபாடுகளை இப்போது காடு மூடியிருக்கிறது. நிலையத்தின் தெற்குப் பக்கத்திலிருந்தே பாதை தொடங்குகிறது. ஓடையும் செங்கல் சுவர்களும், பழைய நீர்ச்சக்கரத்தின் அளவைக் காட்ட எஃகில் எழுப்பியிருக்கும் சக்கரப் பகுதியும் குழந்தைகளை நன்றாக ஈர்க்கின்றன. இங்கே முக்கால் மணி நேரம் போதும். ரயிலுக்கு இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போது திரும்பிவிடுங்கள்.

6. சேர்க்கக் கூடாதவை

பிரேக்நெக் ரிட்ஜ் என்ற பெயரை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கைகளால் பற்றிப் பாறை ஏற வேண்டிய செங்குத்தான பாதை அது. கட்டுமானப் பணிக்காக 2025 ஏப்ரலில் அதை மூடினார்கள். திறந்திருக்கும் காலத்திலும் சிறு குழந்தைகளையோ மூத்தவர்களையோ அங்கே அழைத்துச் செல்லக் கூடாது.

ஆப்பிள் பறிக்கும் தோட்டத்தையும் இதே நாளில் சேர்ப்பது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. தோட்டத்துக்குக் கார் தேவை. வார இறுதியில் நுழைவதற்கே வரிசை நிற்கும். அங்கிருந்து கிராமத்துக்கு வரும்போது பிற்பகல் 2 மணி ஆகிவிடும். தோட்டத்துக்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள். செப்டம்பரே அதற்கு ஏற்ற மாதம்.

7. சாப்பாடு

கிராமத்தில் உணவகங்கள் உண்டு; ஆனால் எல்லாம் சிறியவை. இலை பார்க்கும் வார இறுதியில் மதியம் எட்டுப் பேருக்கு ஒன்றாக இடம் கிடைப்பது கடினம். சைவ உணவுக்குத் தேர்வும் குறைவு. வீட்டிலிருந்து கட்டுச்சாதம் எடுத்துச் செல்வதே நிம்மதி.

குளிர் நாளுக்குத் தயிர் சாதம் சரிவராது. ஜில்லென்று இறுகிப்போய், பெரியவர்கள் இரண்டு வாயோடு நிறுத்திவிடுவார்கள். எண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை, எலுமிச்சை சாதம், தொக்கு தடவிச் சுருட்டிய சப்பாத்தி ஆகியவை ஆறினாலும் நன்றாக இருக்கும். அகன்ற வாயுள்ள ஒரு ஃபிளாஸ்கில் கொதிக்கக் கொதிக்க ரசத்தை ஊற்றி எடுத்துச் செல்லுங்கள். ஊற்றும் முன் ஃபிளாஸ்கில் கொதிநீர் நிரப்பி ஐந்து நிமிடம் வைத்திருந்து கொட்டிவிட்டால், மதியம் வரை சூடு குறையாது. ஆற்றங்காற்றில் நடுங்கியபடி உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் கையில் ஒரு கோப்பை மிளகு ரசத்தைக் கொடுத்தால் அவர் பிற்பகல் முழுவதும் உற்சாகமாக இருப்பார்.

குப்பைக்கென்று இரண்டு பைகள் தனியாக வேண்டும். பூங்காக்களில் கொண்டுவந்ததை நாமே திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்பதே வழக்கம். கிராமத்தின் தொட்டிகளும் வார இறுதியில் நிரம்பி வழியும். ஆற்றுப் பறவைகளுக்குச் சாதம் போடாதீர்கள்.

8. உடையும் பையும்

காலையில் 6 அல்லது 7 டிகிரி செல்சியஸ், மதியம் 17 டிகிரி என்ற அளவில் வெப்பம் மாறும். ஒரே தடித்த கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகக் கழற்றிப் போடக்கூடிய மூன்று மெல்லிய உடைகள் மேல். சேலை உடுத்தும் பாட்டிக்கு உள்ளே வெப்பக் காலுறை, மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்று புகாத ஜாக்கெட், காதை மூடும் தொப்பி ஆகியவை வேண்டும். பாதங்களை மறந்துவிடாதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த செருப்பில் அவரை அழைத்துச் செல்வதுதான் நான் மிக அதிகமாகப் பார்க்கும் குறை. காலுறையும் வழுக்காத அடிப்பாகமுள்ள காலணியும் அவருக்குக் கட்டாயம் தேவை.

மதிய வேளை மாத்திரைகளை ஓர் அதிகப்படியான வேளையோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவருக்கு இனிப்பு ஏதாவது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பெற்றோரின் பயணக் காப்பீட்டு அட்டையின் படம் உங்கள் கைப்பேசியிலும் உடன்வரும் இன்னொருவரின் கைப்பேசியிலும் இருக்க வேண்டும். வரைபடத்தையும் ரயில் நேரங்களையும் வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துவிடுங்கள்.

9. இலை பொறுக்கும் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியவை

குழந்தைகள் முதலில் ஓடுவது மிகச் சிவந்த இலையை நோக்கித்தான். இந்தப் பகுதியின் காட்டோரங்களில் மிகச் சிவந்து நிற்பவற்றுள் பாய்சன் ஐவியும் ஒன்று. தொட்டால் தோலில் கடும் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும் கொடி அது. கோடையில் பச்சையாக இருக்கும்போது யாரும் அதைப் பறிப்பதில்லை. அக்டோபரில்தான் குழந்தைகளின் கைக்கு வருகிறது.

அதை அடையாளம் காண இப்படிப் பாருங்கள். ஒரே காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். நடு இலைக்கு மட்டும் சற்று நீண்ட தனிக்காம்பு உண்டு. பக்கத்து இரண்டும் காம்போடு ஏறக்குறைய ஒட்டியிருக்கும். மரத்தில் ஏறிய கொடியென்றால், அதன் தண்டில் கயிற்றுப் பிசிறுபோல மயிர்வேர்கள் அடர்ந்திருக்கும். இலை உதிர்ந்து காய்ந்தபின்னும் அதிலுள்ள எண்ணெயின் நச்சுத்தன்மை போவதில்லை. ஆகவே, தரையில் தனியாகக் கிடக்கும், விரல் விரித்த கைபோன்ற மேப்பிள் இலையை மட்டும் எடுக்கலாம். கொடியிலும் புதரிலும் கைவைக்கக் கூடாது என்று ரயிலிலேயே சொல்லிவிடுங்கள். தப்பித் தவறித் தொட்டுவிட்டால் உடனே சோப்பு நீரால் நன்றாகக் கழுவ வேண்டும்.

தண்ணீரைப் பற்றிய விதி ஒன்றுதான்: யாரும் இறங்கக் கூடாது. ஹட்சன் இந்த மலைகளுக்கிடையே குறுகுவதால் மிகவும் ஆழமானது. வெஸ்ட் பாயிண்டை ஒட்டி ஏறத்தாழ 200 அடி ஆழமுள்ள இடமும் உண்டு. மேற்பரப்பு அமைதியாகத் தெரிந்தாலும் ஓட்டம் வலியது. பெரிய சரக்குப் படகு கடந்துபோன சில நிமிடங்கள் கழித்து அதன் அலை கரையில் மோதும். நம் ஊர் ஆற்றில் கால் நனைத்துப் பழகிய பெரியவர்களுக்கு இதை முதலிலேயே பணிவாகச் சொல்லிவையுங்கள்.

10. வீடு திரும்பியபின்

கோடை முடிந்ததும் உண்ணிக் காலமும் முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் வளர்ந்த பூச்சிகள் அக்டோபர், நவம்பரில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். உதிர்ந்த இலைக் குவியல் அவற்றுக்குப் பிடித்த இடம். குழந்தைகள் இலைக் குவியலில் குதித்திருந்தால் இந்தப் படியைத் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டுக்கு வந்த இரண்டு மணி நேரத்துக்குள் எல்லோரும் குளித்துவிடுங்கள். போட்டிருந்த உடைகளைத் துவைப்பதற்கு முன்பே உலர்த்தியில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓடவிட்டால் ஒட்டியிருக்கும் உண்ணிகள் இறந்துவிடும். குழந்தைகளின் அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள், முழங்காலின் பின்மடிப்பு, இடுப்பு, தொப்புள் ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பெரியவர்களுக்கும் முதுகை வேறொருவர் பார்க்க வேண்டும்.

உண்ணி கடித்திருப்பதைக் கண்டால் எண்ணெய் தடவுவதோ, சுண்ணாம்பு வைப்பதோ, சூடு காட்டுவதோ கூடாது. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து எடுத்து, இடத்தை ஆல்கஹாலாலோ சோப்பாலோ சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் லைம் நோய் தொற்றும் என்பதால், அன்றிரவே கண்டெடுத்துவிட்டால் ஆபத்து மிகவும் குறைவு. கடித்த தேதியை நாள்காட்டியில் எழுதி வையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் விரிந்துகொண்டே போகும் சிவந்த தடிப்போ காய்ச்சலோ வந்தால், அந்தத் தேதியைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். பெற்றோர் அதற்குள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள் என்றால், அங்குள்ள மருத்துவரிடம் காட்டுவதற்காக இந்த விவரத்தை ஒரு தாளில் எழுதி அவர்கள் பையில் வைத்து அனுப்புங்கள். தென்னிந்தியாவில் அரிதான நோய் என்பதால் அங்கே அது உடனே நினைவுக்கு வராமல் போகலாம்.